பாலே நடனத்தின் அரிச்சுவடி

பாலே நடனம் பயிலப் புதிதாக வருபவர் முதன்முதலில் பற்றிக்கொள்வது, சுவரோரம் இடுப்புயரத்தில் பொருத்தப்பட்டிருக்கும் 'பார்' என்னும் வழவழப்பான மரக்கழியைத்தான். அக்கழியருகே கற்கும் பாடத்தின் வேரோ பழமையானது: பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயி 1661-இல் பாரிஸில் ராஜாங்க நாட்டியக் கழகத்தை ஸ்தாபித்தார். அவருடைய நடன ஆசானாகிய பியேர் போஷாம் வகுத்தனவாகக் கூறப்படும் 5 பாத நிலைகளே இன்றளவும் இக்கலையின் அரிச்சுவடி. குதிகால்கள் சேர்ந்திருக்க, தொடைகளை இடுப்பு மூட்டிலிருந்தே வெளிப்புறம் திருப்பி, முதுகு சாயாமல் முழங்கால்களை மெல்ல மடக்கி எழும் 'ப்ளியே' பார்வைக்கு எளிதாயினும், பொறுமையிழந்து பாதங்களை மாத்திரம் வலிந்து திருப்புகிறவருடைய முழங்காலுக்கு அதுவே ஹானியாகிவிடும். விரல்நுனியில் நிற்பதற்கான விசேஷப் பாதரட்சையோ, பல வருஷ அப்பியாசத்தால் பாதமும் கணுக்காலும் உரமேறிய பின்னரே அணியத்தக்கது. அரங்கில் நம்மைப் பரவசப்படுத்தும் அந்த லாகவம், அந்த மரக்கழியருகே நாள்தோறும் சலிப்பின்றிச் செய்த சாதகத்தின் பிரசாதமே.