கருவி தேர்தலும் காத்தலும்

உழவனுக்கு ஏரும், தச்சனுக்கு உளியும், கொல்லனுக்குச் சம்மட்டியும் எவ்வாறு இன்றியமையாதனவோ, அவ்வாறே பொறிகளைச் செப்பனிடுவோனுக்கு ஸ்பானரும் திருப்புளியும் இன்றியமையாதன. மிதிவண்டியும் மோட்டார் சைக்கிளும் நீரிறைக்கும் பொறியும் காணப்படாத ஊரை இன்று தமிழ்நாட்டில் காண்டல் அரிது. மதுரை மாநகரிலும், அதனைச் சூழ்ந்த மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, சோழவந்தான் முதலிய ஊர்களிலும் தம் வண்டியைத் தம் கையாலேயே பேணி மகிழ்வோர் பலர் உளர். அவர்கள் ஓய்வு நாளில் வீட்டின் பின்கட்டிலோ, வண்டி நிறுத்தும் கொட்டிலின் ஒரு மூலையிலோ சிறு பட்டறை ஒன்றை அமைத்துக்கொள்கின்றனர். அத்தகைய பட்டறைக்கு எவ்வகைக் கருவிகளை வாங்குதல் வேண்டும், வாங்கியவற்றை எங்ஙனம் காத்தல் வேண்டும் என்பவை அறிந்துகொள்ளத்தக்க செய்திகளாகும்.

கைத்தொழில் ஆர்வம் ஒருவரை எவ்வளவு உயர்த்தும் என்பதற்குக் கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு அவர்களின் வாழ்க்கை சிறந்த சான்றாகும். அவர் 1893ஆம் ஆண்டில் கலங்கல் என்னும் சிற்றூரில் பிறந்தவர். இளமையில் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஊர்ந்துவந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். அதனைத் தாமே பெறவேண்டும் என்னும் வேட்கையால், கோயம்புத்தூரில் ஓர் உணவுவிடுதியில் பரிமாறும் வேலை செய்து பொருள் சேர்த்தார். பின்னர் அவ்வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியவர் அதனை ஓட்டி மகிழ்வதோடு அமையவில்லை. அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொன்றின் தொழிலையும் உணர்ந்து, மீண்டும் பூட்டினார். அக்கழற்றலும் பூட்டலுமே அவருக்குப் பொறியியற் கல்லூரியாய் அமைந்தன. 1920ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கிய அவர், பிற்காலத்தில் பல பொறிகளைப் புதிதாக அமைத்துப் புகழ் பெற்றார்.

மதுரைக்கும் இத்துறையில் பெருமை உண்டு. திருக்குறுங்குடியில் 1877ஆம் ஆண்டில் பிறந்த டி. வி. சுந்தரம் ஐயங்கார், 1911ஆம் ஆண்டில் மதுரையில் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் பேருந்துப் போக்குவரத்தை மேற்கொண்டார். அந்நாளில் மோட்டார் வண்டிகளும் அவற்றின் உறுப்புகளும் கடல் கடந்தே வரவேண்டியிருந்தன. ஓர் உறுப்புக் கெட்டால் மாற்றுறுப்பு வந்து சேரும்வரை வண்டி வாளா நிற்கும். ஆதலின் உள்ளவற்றைக் கெடாமற் பேணுதலே தொழிலின் உயிர்நாடியாயிற்று. அவர் நிறுவனப் பேருந்துகள் வரும் நேரத்தைக் கொண்டு மக்கள் தம் கடிகாரங்களைத் திருத்திக்கொண்டனர் என்று கூறுவர். இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் கிடைப்பது அரிதாகவே, கரியிலிருந்து எழும் வாயுவினால் வண்டிகளை ஓட்டுவதற்குரிய கலத்தையும் அந்நிறுவனம் ஆக்கியது. காலந் தவறாத பயணத்தின் பின்னே ஒழுங்கு நிறைந்த பணிமனை ஒன்று நின்றது என்பதில் ஐயமில்லை.

இனி, தாழ்ந்த கருவியால் விளையும் தீங்கினை நோக்குதல் வேண்டும். உழவர் ஒருவரின் கிணற்றுப் பொறி பழுதுற்றதாகக் கொள்வோம். அதன் நட்டினைக் கழற்ற முயல்பவர் கையில் வாய் அகன்ற, மெலிந்த ஸ்பானர் ஒன்றே உள்ளது. அவர் வலிந்து திருப்புகின்றார். ஸ்பானர் வழுக்கி, நட்டின் ஆறு மூலைகளும் மழுங்குகின்றன. அதன்பின் நல்ல ஸ்பானராலும் அதனைப் பிடிக்க இயலாது. உளியால் வெட்டியே எடுக்க வேண்டும். சிறு பழுது பெரும் பழுதாகின்றது. வழுக்கிய கை இரும்பில் மோதிப் புண்படுகின்றது. இதற்கிடையில் நாற்றங்கால் நீரின்றி வாடுகின்றது. சில ரூபாய்களை மிச்சப்படுத்த எண்ணி வாங்கிய கருவி, அதனினும் பன்மடங்கு இழப்பைத் தந்துவிடுகின்றது அன்றோ?

கருவியின் உயர்வும் தாழ்வும் அதன் உலோகத்திலும் ஆக்கத்திலும் அடங்கியுள்ளன. வார்ப்பிரும்பு உடையும் தன்மையுடையது. அதனாற் செய்த ஸ்பானர் சுமை மிகுந்தால் இரண்டாக முறியும். உருக்கினைக் காய்ச்சி அச்சில் இட்டு அடித்து உருவாக்கும் ஸ்பானரோ உறுதி மிக்கது. குரோமியமும் வனேடியமும் சிறிதளவு கலந்த உருக்கு, உரமும் நெகிழ்வும் ஒருங்கே பெற்று விளங்கும். உளி போன்ற கருவிகளுக்குக் கரி மிகுந்த உருக்கு ஏற்றது. அதனைச் செந்நிறம் தோன்றக் காய்ச்சி நீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால் கடினமாகும். ஆனால், அந்நிலையில் அது கண்ணாடி போல நொறுங்கக்கூடும். ஆதலின், மீண்டும் ஏறத்தாழ 200 முதல் 300 பாகை செல்சியஸ் வரை மிதமாகச் சூடேற்றிப் பதப்படுத்துவர். அப்போது அதன் மேற்பரப்பில் வைக்கோல் நிறம் தொடங்கி நீல நிறம் வரை தோன்றும் வண்ணங்களைக் கொண்டே பழகிய கொல்லர் பதத்தை அறிவர்.

அளவு பொருந்துதல் அடுத்து இன்றியமையாதது. ஜோசப் விட்வொர்த் என்னும் ஆங்கிலப் பொறியியலறிஞர் 1841ஆம் ஆண்டில் திருகுபுரிகளுக்கு ஓர் ஒழுங்கான அளவுமுறையை வகுத்தார். அம்முறை அங்குலத்தை அடிப்படையாகக் கொண்டது. இந்தியாவில் 1956ஆம் ஆண்டில் எடை அளவைச் சட்டம் நிறைவேறி, 1958ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் தொடங்கி மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. எனினும், பழைய பொறிகளில் பழைய அளவுகளே நிலைத்துவிட்டன. சென்னையை அடுத்த திருவொற்றியூரில் பூட்டப்பெற்ற புல்லட் மோட்டார் சைக்கிள் ஆங்கில நாட்டு அமைப்பினது. அத்தகைய பழைய வண்டியைப் பேணுவோர் இதனை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். கால் அங்குல விட்வொர்த் நட்டின் எதிர் முகங்களுக்கு இடைப்பட்ட அகலம் ஏறத்தாழ 13.3 மில்லிமீட்டர் ஆகும். அதனுள் 13 மில்லிமீட்டர் ஸ்பானர் நுழையாது. 14 மில்லிமீட்டர் ஸ்பானரோ நுழைந்தும் வழுக்கும். அரை மில்லிமீட்டருக்குச் சற்று மிகுந்த இவ்விடைவெளியே நட்டின் மூலைகளை அழித்துவிடப் போதுமானது.

பட்டறை அமைப்போர் எல்லாக் கருவிகளையும் ஒரே நாளில் வாங்க வேண்டுவதில்லை. நாள்தோறும் பயன்படுவனவற்றை முதலில் நல்லனவாக வாங்கி, ஏனையவற்றைத் தேவை நேருந்தோறும் சேர்த்தல் நன்று. 6 முதல் 22 மில்லிமீட்டர் வரை அளவுள்ள, இருபுறமும் வாயுடைய எட்டு ஸ்பானர்களின் தொகுதி ஒன்று பெரும்பாலான வேலைகளுக்குப் போதும். வாய் ஸ்பானர் நட்டின் இரண்டு முகங்களை மட்டுமே பற்றும். வளைய ஸ்பானர் அதனைச் சுற்றிலும் பற்றும். ஆகவே, இறுகிய நட்டினைத் தளர்த்தவும், இறுதியாக முறுக்கவும் வளைய ஸ்பானரே ஏற்றது. இவற்றோடு வெவ்வேறு அகலமுள்ள திருப்புளிகள், குறடு, அரைக் கிலோ எடையுள்ள சுத்தியல், தட்டை அரமும் வட்ட அரமும், பொருளை இறுகப் பற்றும் வைஸ், நுண்ணளவு காட்டும் வெர்னியர் அளவி ஆகியன இருப்பின், அது நிறைவான பட்டறையாகும்.

கடையிற் கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது கண்ணும் கையும் ஒருங்கே தொழிற்படல் வேண்டும். ஸ்பானரின் வாய் ஓரங்கள் இணையாக உள்ளனவா என நோக்க வேண்டும். புதிய நட்டு ஒன்றை அதிற் பொருத்திப் பார்க்க வேண்டும். குறட்டின் வாயை மூடி வெளிச்சத்தில் உயர்த்தினால் அதன் நுனியில் ஒளிக்கீற்றுத் தோன்றுதல் ஆகாது. திருப்புளியைக் கண்ணாடிப் பரப்பில் உருட்டினால் கோணல் இருப்பின் புலப்படும். சுத்தியற் காம்பின் மர இழைகள் நீளவாட்டில் ஓடுதல் வேண்டும். குறுக்கே ஓடும் இழையுடைய காம்பு அடிக்கும்போது முறியும். அளவும் செய்தவர் பெயரும் தெளிவாகப் பொறிக்கப்பெற்றிருத்தலும், தரத்துக்குரிய ஐ. எஸ். ஐ. முத்திரை இருத்தலும் நம்பிக்கைக்கு உரிய அடையாளங்கள். பளபளப்பு மட்டுமே தரத்துக்குச் சான்றாகாது. பழைய இரும்புக் கடையிற் கிடைக்கும் பழங்கருவியும், நல்ல உருக்கினால் ஆகி வாய் தேயாதிருப்பின், மின்னும் புதிய போலிக் கருவியினும் மேலானதாகும்.

நல்ல கருவியை வாங்குதல் பாதி. அதனைக் காத்தல் மறுபாதி. இரும்புக்குப் பெரும்பகை துரு. நீரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் இரும்போடு கூடுதலால் துரு தோன்றுகின்றது. மதுரைச் சமவெளியில் கோடையில் வெயில் கடுமையாயினும், ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது காற்றில் ஈரம் மிகும். கையில் ஊறும் வியர்வையின் உப்பும் துருவை விரைவிக்கும். ஆதலின், வேலை முடிந்தவுடன் கருவிகளைத் துணியால் துடைத்து, இயந்திர எண்ணெயை மெல்லிதாகப் பூசி வைத்தல் வேண்டும். தேங்காயெண்ணெய், கடலையெண்ணெய் முதலியன நாளடைவிற் பிசுபிசுப்புற்றுப் புழுதியைப் பற்றும். ஆகையால் அவை இதற்கு ஏற்றவையல்ல. அளவிகளை உறையில் இட்டுத் தனியே வைத்தல் நலம். அரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்தால் அவற்றின் பற்கள் ஒன்றையொன்று தேய்த்து மழுங்கும். அவற்றைத் தனித்தனியே மாட்டி வைத்தல் வேண்டும்.

கருவிகளைத் தரையில் வைத்தல் தகாது. சுவரில் ஒரு பலகையைப் பொருத்தி, ஆணிகள் அடித்து, ஒவ்வொரு கருவிக்கும் ஓரிடம் வகுத்தல் வேண்டும். அவ்விடத்தில் கருவியின் வடிவத்தை வண்ணத்தால் வரைந்து வைத்தால், ஒரு கருவி குறைந்தாலும் வெற்று வடிவம் அதனை உடனே காட்டிக்கொடுக்கும். பொறியினுள் மறந்து வைக்கப்பட்ட ஒரு ஸ்பானர், பொறி ஓடத் தொடங்கியவுடன் அதனைச் சிதைத்துவிடும். ஆகவே, இவ்வேற்பாடு அழகுக்காக மட்டும் அமைந்ததன்று. சிறு திருகாணிகளையும் போல்ட்டுகளையும் அளவுவாரியாகப் பிரித்து, மூடியுள்ள கண்ணாடிப் புட்டிகளிலோ தகரப் பெட்டிகளிலோ இடலாம். கழற்றிய உறுப்புகளைக் கழற்றிய முறையிலேயே வரிசையாகத் தட்டில் அடுக்கி வைப்பவர், பூட்டும்போது மயங்குதல் இல்லை.

பொருட்சேதத்தினும் கொடியது உயிர்ச்சேதம். ஜாக்கி என்னும் தூக்கி வண்டியை உயர்த்துவதற்கு மட்டுமே உரியது. உயர்த்திய வண்டியைத் தாங்கி நிற்பதற்கு உரியதன்று. அது நழுவினால் வண்டி கீழே இருப்பவர்மீது விழும். எனவே, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, உறுதியான இரும்புத் தாங்கிகளின்மேல் வண்டியை அமர்த்திய பின்னரே அதன் அடியிற் புகுதல் வேண்டும். செங்கல் பிளவுபடும் இயல்பினதாகையால் தாங்கியாகாது. பெட்ரோலின் ஆவி காற்றினும் கனமானது. அது தரையோடு படர்ந்து தொலைவிலுள்ள நெருப்பையும் பற்றிக்கொள்ளும். மூடிய அறையில் பொறியை ஓடவிட்டால், நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு நிறைந்து உயிரைக் கவரும். ஆதலால் பட்டறைக்குக் காற்றோட்டமும், கையெட்டும் தொலைவில் ஒரு மணல் வாளியும் இன்றியமையாதன. தாங்கிகள் வாங்கப் பொருள் போதாதவர், அழகிய கருவிப் பெட்டி வாங்குவதைத் தள்ளிவைக்கலாம். தாங்கிகளைத் தள்ளிவைத்தல் ஒருபோதும் கூடாது.

ஆண்டுதோறும் ஆயுத பூசை நாளில் மதுரைப் பட்டறைகளிலெல்லாம் கருவிகளைக் கழுவித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு வழிபடுகின்றனர். சோறளிக்கும் பொருளை மதித்தல் வேண்டும் என்னும் நன்றியுணர்வு அவ்வழக்கத்தில் விளங்குகின்றது. ஆயின், ஆண்டில் ஒரு நாள் மட்டும் துடைக்கப்பெற்று, எஞ்சிய நாளெல்லாம் துருப்பிடித்துக் கிடக்கும் கருவி, உரிய வேளையில் உதவாது போகும். ஒவ்வொரு நாள் மாலையிலும் கருவியைத் துடைத்து அதற்குரிய இடத்தில் வைக்கும் பழக்கமே அந்நன்றியுணர்வை ஆண்டு முழுதும் நிலைபெறச் செய்வதாகும். இளமையில் இப்பழக்கத்தை மேற்கொள்வோரின் கருவிகள் அவர்களுக்குப் பின்னும் அவர்தம் மக்களுக்குப் பயன்படும்.