பிடித்த மீனைத் திரும்ப விடலாமா?

குழந்தைகளே! ‘பாஸ்’ என்றதும் உங்களுக்குப் பரீட்சைதானே ஞாபகம் வருகிறது? இது அந்த பாஸ் அல்ல. அமெரிக்காவின் ஆறுகளிலும் ஏரிகளிலும் வாழும் ஒரு நன்னீர் மீனின் பெயர். அந்த நாட்டில் பொழுதுபோக்காகத் தூண்டில் போடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த மீனைத் தேடித்தான் அலைகிறார்கள்.

இதில் இரண்டு வகை முக்கியமானவை. ஒன்று பெரியவாய் பாஸ். பச்சை உடம்பு, பக்கவாட்டில் கறுப்புப் பட்டை. வாயை மூடியிருக்கும்போதே அதன் மேல்தாடை கண்ணைத் தாண்டிப் பின்னால் போயிருக்கும். பெயர்ப் பொருத்தம் சரிதானே? மற்றொன்று சிறுவாய் பாஸ். வெண்கல நிறம். குளிர்ந்த, தெளிந்த, பாறைகள் நிறைந்த ஆறுகள்தான் இதற்குப் பிடிக்கும். பெரியவாய் பாஸுக்கோ அசையாத தண்ணீரும், அல்லி இலைகளும், மூழ்கிக் கிடக்கும் மரக்கிளைகளும் வேண்டும்.

ஏன் தெரியுமா? அது ஓடித் துரத்துவதை விட ஒளிந்திருந்து பாய்வதில்தான் கெட்டிக்காரன். தவளையோ, சின்ன மீனோ, நண்டோ பக்கத்தில் வந்தால் போதும். ‘பக்’ என்று வாயைத் திறக்கும். தண்ணீர் வாய்க்குள் வேகமாகப் பாயும். இரையும் அதோடு சேர்ந்து உள்ளே போய்விடும். சில சமயம் வாத்துக் குஞ்சு கூடத் தப்பாது!

இப்படிப்பட்ட மீனை மண்புழு இல்லாமல், வெறும் இறகையும் ரோமத்தையும் காட்டி ஏமாற்றிப் பிடிக்க முடியுமா? முடியும். அதற்குத்தான் ‘ஃப்ளை ஃபிஷிங்’ என்று பெயர். ‘ஃப்ளை’ என்றால் ஈ. நாம் ‘ஈத் தூண்டில்’ என்று வைத்துக்கொள்வோம். தூண்டில் முள்ளைச் சுற்றி நூல், இறகு, ரோமம் எல்லாம் வைத்துக் கட்டி, பூச்சி போலவோ தவளை போலவோ செய்துவிடுவார்கள்.

இது புதிய வித்தை அல்ல. சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன்பே ஈலியன் என்ற ரோமாபுரி எழுத்தாளர் இதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். மாசிடோனியா நாட்டு மக்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழே வளரும் இரண்டு இறகுகளைச் சேர்த்துக் கட்டி ஆற்று மீன்களைப் பிடித்தார்களாம். நம் நீலகிரியிலும் ஆங்கிலேயர் காலத்தில் ட்ரவுட் என்ற மீனைக் கொண்டுவந்து வளர்த்து, இந்த முறையில்தான் பிடித்தார்கள்.

இப்போது ஒரு சின்ன சோதனை. ஒரு கூழாங்கல்லை வீசுங்கள். தூரத்தில் போய் விழும். அதே வேகத்தில் ஒரு கோழி இறகை வீசுங்கள். காலடியிலேயே விழும். எடையில்லாத பொருளைத் தூரத்தில் எறிய முடியாது. அப்படியானால் இறகால் செய்த ஈ மட்டும் எப்படி 50 அடி தள்ளிப் போய் விழுகிறது?

இங்கேதான் இருக்கிறது சூட்சுமம். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டோ கனமான இரையோ முன்னால் பறந்து நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஈத் தூண்டிலில் தலைகீழ். கயிறுதான் கனம், அது ஈயைச் சுமந்துகொண்டு போகும். அந்தக் கயிறு கொஞ்சம் தடிமனாக, வழுவழுவென்ற மேல்பூச்சோடு இருக்கும். அதன் நுனியில் கண்ணுக்குத் தெரியாத தங்கூஸ் நரம்பு, அதன் நுனியில் ஈ. கோலின் நீளம் பெரும்பாலும் 9 அடி.

கோலைப் பின்னால் வீசினால் கயிறு தலைக்கு மேலே பறந்து பின்பக்கம் போகும். உடனே முன்னால் வீசிவிடக் கூடாது. கயிறு பின்னால் முழுவதும் நீளும் வரை ஒரு நொடி பொறுக்க வேண்டும். அப்போதுதான் கோல் வில்லாக வளைந்து கயிற்றை முன்னால் தள்ளும். மாட்டுவண்டிக்காரர் சாட்டையைச் சொடுக்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? கிட்டத்தட்ட அதே அசைவுதான். ஆனால் சாட்டை போல ‘பட்’ என்று சத்தம் கேட்டால் அவசரப்பட்டுவிட்டார் என்று அர்த்தம். ஈ அறுந்து பின்னால் எங்கோ விழுந்திருக்கும்!

பாஸ் மீனுக்கான ஈக்களை மானின் ரோமத்தால் கட்டுவார்கள். மான் ரோமத்தின் உள்ளே காற்று இருப்பதால் அது மிதக்கும். இன்னொரு வகைக்கு முன்பக்கம் தக்கையில் கிண்ணம் போலக் குழி இருக்கும். இழுத்தால் ‘ப்ளக்’ என்று தவளை குதித்த மாதிரி சத்தம் வரும். ஈ தண்ணீரில் விழுந்ததும் வட்ட வட்டமாக அலை பரவுகிறது அல்லவா? அந்த வளையங்கள் அடங்கும் வரை சும்மா இருக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு சின்ன இழுப்பு. மறுபடியும் சும்மா. பொறுமை இல்லாதவர்களுக்கு இந்த விளையாட்டு ஒத்துவராது.

சரி, அல்லி இலைகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் மீனின் பக்கத்தில் எப்படிப் போவது? மோட்டார் படகில் போனால் சத்தம் கேட்டு மீன் கலைந்துவிடும். அதனால் பலர் கயாக்கில் போகிறார்கள்.

கயாக் என்பது குறுகலான, ஒருவர் உட்காரும் சிறு படகு. வட துருவத்தை ஒட்டிய பகுதிகளில் வாழும் இனுயிட் மக்கள் கண்டுபிடித்தது. (எஸ்கிமோக்கள் என்று பழைய பாடப்புத்தகங்களில் இருக்கும். அவர்கள் தங்களை இனுயிட் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.) மரச்சட்டத்தின் மேல் சீல் என்ற கடல் விலங்கின் தோலைப் போர்த்தித் தைத்துச் செய்தார்கள். சத்தமில்லாமல் வேட்டையாடத்தான் அது. இன்றைய மீன்பிடி கயாக் பிளாஸ்டிக்கால் ஆனது. சிலவற்றில் சைக்கிள் போலக் கால்மிதிகூட உண்டு. முழங்கால் ஆழத் தண்ணீரே அதற்குப் போதும்.

தண்ணீரை ஒட்டி உட்கார்ந்துகொண்டு ஈத் தூண்டில் வீசுவது சுலபமல்ல. பின்னால் போகும் கயிறு தண்ணீரில் மோதிவிடும். மீன் மாட்டினாலோ வேடிக்கைதான். இரண்டு கிலோ பாஸ் இழுத்தாலே படகின் மூக்கு திரும்பிவிடும். எவ்வளவு நன்றாக நீந்தத் தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட் போடாமல் கயாக்கில் ஏறக்கூடாது. பெரியவர்கள் துணையில்லாமல் நீங்கள் ஏரிப் பக்கமே போகக்கூடாது, சொல்லிவிட்டேன்!

ஏழை விவசாயியின் சாதனை

1932ஆம் ஆண்டு ஜூன் 2. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் நல்ல மழை. வயலில் இறங்க முடியவில்லை. ஜார்ஜ் பெர்ரி என்ற இளம் விவசாயி, நண்பர் ஒருவருடன் மான்ட்கோமரி ஏரிக்கு மீன் பிடிக்கப் போனார். இருவருக்கும் சேர்த்து இருந்தது ஒரே கோல், மீன் வடிவப் பொம்மை இரை ஒன்றே ஒன்று. மாற்றி மாற்றி வீசினார்கள். பெர்ரியின் முறை வந்தபோது ஏதோ மாட்டியது. மரக்கட்டையில் சிக்கிக்கொண்டது என்றுதான் நினைத்தாராம்!

தபால் அலுவலகத் தராசில் நிறுத்துப் பார்த்தபோது 22 பவுண்டு 4 அவுன்ஸ். நம் கணக்கில் 10 கிலோவுக்குச் சற்று அதிகம். அதுவரை உலகில் பிடிபட்ட பெரியவாய் பாஸ்களிலேயே பெரியது அதுதான். ஒரு பத்திரிகை நடத்திய போட்டியில் அவருக்கு 75 டாலர் மதிப்புள்ள பொருள்கள் பரிசாகக் கிடைத்தன. மீன் என்னவாயிற்று என்கிறீர்களா? சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள்! அது அமெரிக்காவில் கடும் பஞ்ச காலம். வீட்டில் பசித்த வயிறுகள் இருந்தன. அவர் செய்ததில் குறை சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

அப்பா மீனின் காவல்

இன்று அங்கே நிலைமை வேறு. பாஸ் பிடிப்பவர்களில் பெரும்பாலானோர் மீனைப் பிடித்து உயிரோடு திரும்ப விட்டுவிடுகிறார்கள். 1960களின் இறுதியில் பாஸ் மீன்பிடிப்போர் சங்கத்தைத் தொடங்கிய ரே ஸ்காட் என்பவர், 1972 முதல் தம் போட்டிகளில் இதைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். கயாக் போட்டிகளில் இப்போது தராசே கிடையாது. அளவுகோல் பலகையில் மீனைக் கிடத்திப் புகைப்படம் எடுக்க வேண்டும். நீளத்துக்குத்தான் மதிப்பெண். படம் எடுத்த கையோடு மீன் தண்ணீருக்குப் போய்விடும். தொடும் முன் கையை நனைத்துக்கொள்வது முக்கியம். உலர்ந்த கை பட்டால் மீனின் உடம்பில் உள்ள வழுவழுப்பு போய்விடும். அதுதான் அதற்கு நோய் வராமல் காக்கும் கவசம்.

ஆனால் திரும்ப விட்டுவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா?

வசந்த காலத்தில் ஆண் பாஸ் கரையோர ஆழமில்லாத தண்ணீரில் வாலால் பெருக்கி, தட்டுப் போல ஒரு குழி அமைக்கும். பெண் பாஸ் அதில் ஆயிரக்கணக்கான முட்டைகளை இட்டுவிட்டுப் போய்விடும். பிறகு எல்லாம் அப்பாவின் பொறுப்புதான்! துடுப்பால் விசிறி நல்ல தண்ணீர் பாயச் செய்யும். நெருங்குகிறவரை எல்லாம் விரட்டும். குஞ்சு பொரித்த பின்பும் சில வாரங்கள் காவல் தொடரும். நம் குளங்களில் விரால் மீன் தன் குஞ்சுக் கூட்டத்தைக் காப்பது போலத்தான்.

அந்தச் சமயத்தில் தூண்டில் வந்து விழுந்தால், பசிக்காக இல்லாவிட்டாலும், கூட்டுக்கு ஆபத்து என்று நினைத்து அது கவ்விவிடும். ஆகவே அப்போது அதைப் பிடிப்பது ரொம்பச் சுலபம். படகில் அளவெடுத்து, படம் எடுத்து, சிரித்து மகிழ்வதற்குள் கீழே என்ன நடக்கும்? காத்திருக்கும் நீலச்செவுள் போன்ற சிறு மீன்கள் சில நிமிடங்களில் முட்டைகளைத் தின்று தீர்த்துவிடும். களைத்துத் திரும்பும் அப்பா சில நேரம் அந்தக் கூட்டையே கைவிட்டுவிடும். இதனால்தான் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் பல ஏரிகளில் வசந்த காலத்தில் பாஸ் பிடிக்கத் தடை, ஜூனில்தான் அனுமதி.

பிவா ஏரியில் வேறு சட்டம்

பெர்ரியின் சாதனை 77 ஆண்டுகள் அப்படியே நின்றது. 2009ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் தேதி மனாபு குரிட்டா என்பவர் அதற்குச் சமமாக ஒரு பாஸைப் பிடித்தார். எடை 22 பவுண்டு 4.97 அவுன்ஸ். ஒரு அவுன்ஸுக்கும் குறைவாகத்தான் அதிகம். முந்தைய சாதனையை முறியடிக்க 2 அவுன்ஸாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் இருவர் பெயரிலும் சாதனை நிற்கிறது.

அவர் பிடித்தது அமெரிக்காவில் அல்ல. ஜப்பானின் மிகப் பெரிய ஏரியான பிவாவில்! அங்கே எப்படிப் போயிற்று இந்த மீன்? 1925இல் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து ஜப்பானின் ஆஷி ஏரியில் விட்டார்கள். பிறகு ஏரி ஏரியாகப் பரவி, 1970களில் பிவாவிலும் தென்பட்டது. மனிதர்களே எடுத்துப் போய் விட்டதும் உண்டு. முட்டை தின்னும் நீலச்செவுளும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். 1960இல் அப்போது இளவரசராக இருந்த அக்கிஹிட்டோவுக்கு சிகாகோ நகரில் பரிசாகத் தந்தார்கள். அவரே மீன்களை ஆராய்ந்த அறிஞர். அந்த மீன் பெருகி நாட்டுக்குக் கேடு செய்வதை எண்ணி மனம் வருந்துவதாக 2007இல் பேரரசராக இருந்தபோது வெளிப்படையாகவே பேசினார்.

பாஸ் எப்படிப் பாயும் என்று அமெரிக்கச் சிறு மீன்களுக்குப் பல்லாயிரம் ஆண்டுப் பழக்கம். பிவாவின் மீன்களுக்கு அது புது எதிரி. உள்ளூர் மீன்கள் குறைந்துபோயின. நம் ஊர்க் குளங்களுக்கு ஜிலேபி மீன் வெளிநாட்டிலிருந்து வந்த கதையை இத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிவா ஏரி இருக்கும் ஷிகா மாநிலம் 2003இல் ஒரு விதி கொண்டுவந்தது. அங்கே பிடித்த பாஸையோ நீலச்செவுளையோ திரும்ப ஏரியில் விடக்கூடாது! அமெரிக்காவில் பாராட்டு வாங்கித் தரும் அதே செயல் இங்கே விதிமீறல். 2005இல் ஜப்பான் முழுவதற்குமான சட்டமும் வந்தது. உயிருள்ள பாஸை இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோனால் குற்றம்.

பிடித்தவர்கள் மீனை என்ன செய்வார்கள்? அதற்காக ஏரிக்கரையில் பெட்டிகள் வைத்தார்கள். போகும்போது அதில் போட்டுவிட்டுப் போகலாம். இன்னொரு வழியும் கண்டுபிடித்தார்கள். பிவா ஏரி அருங்காட்சியகத்தின் உணவகத்தில், பாஸ் மீனை மாவில் தோய்த்துப் பொரித்து, சுடச்சுடச் சோற்றின் மேல் வைத்துப் பரிமாறினார்கள்.