லேத்துக்குக் கண் இல்லை

சென்ற இதழில் தேனீ பற்றி எழுதியிருந்தார்கள், நன்றாக இருந்தது. இந்த இதழில் நான் இரும்பைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காதீர்கள், இதுவும் அறிவியல்தான்.

நாம் எல்லோரும் பென்சில் சீவியிருக்கிறோம். ஷார்ப்பனரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு பென்சிலைச் சுற்றுவோம். பிளேடு சும்மா நிற்கும், பென்சில்தான் சுற்றும். லேத் மெஷினும் அப்படித்தான். ‘சக்’ என்ற வாய் இரும்புக் கம்பியைக் கவ்விக்கொண்டு வேகமாகச் சுற்றும். ‘டூல்’ என்ற உளி அதில் உரசி, வேண்டாத இரும்பைச் சுருள் சுருளாகச் சீவித் தள்ளும். இந்த வேலைக்குத் தமிழில் கடைசல் என்று பெயர். பம்பரமும் தொட்டில் கட்டையும் மரத்தில் கடைந்தவை.

என் அப்பா 19 வருடமாக அம்பத்தூர் எஸ்டேட்டில் டர்னர். எஸ்டேட் 1964-ல் தொடங்கியது. பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி உள்ளே நடந்தால் தெருவுக்குத் தெரு லேத் சத்தம் கேட்கும். அப்பா ஐ.டி.ஐ. படிக்கவில்லை. எட்டாவது முடித்துவிட்டு ஹெல்பராகச் சேர்ந்து, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்.

பழைய லேத்தில் டூலை நகர்த்த இரண்டு கைச்சக்கரம் உண்டு. ஒன்றைச் சுற்றினால் டூல் கம்பியின் நீளவாக்கில் போகும். இன்னொன்றைச் சுற்றினால் கம்பிக்குள் இறங்கும். எவ்வளவு சுற்றுவது என்பது டர்னர் கையில் இருக்கிறது. சக்கரத்தில் கொஞ்சம் ஆட்டமும் இருக்கும். திருப்பிச் சுற்றும்போது முதலில் சக்கரம் மட்டும் சுற்றும், டூல் நகராது. அதனால் அப்பா எப்போதும் அரைச் சுற்று பின்னால் போய், மறுபடி முன்னால் வந்து நிறுத்துவார். வீட்டில் தையல் மெஷின் சக்கரத்தைத் தொட்டாலும் இதே பழக்கம்தான். அம்மா திட்டுவார்.

தானாக நகரும் டூல் ஒன்றும் நேற்று வந்த விஷயம் இல்லை. 1800-ஐ ஒட்டிய வருடங்களிலேயே லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே என்பவர் ஒரு நீளமான திருகுத் தண்டைப் பல்சக்கரங்களால் சக்கோடு இணைத்தார். சக் ஒரு சுற்று சுற்றினால் தண்டும் கணக்காகச் சுற்றும், டூலும் கணக்காக நகரும். எம்10 போல்ட்டில் சாதாரண மரைக்கு இடைவெளி 1.5 மி.மீ. அதை வெட்ட வேண்டுமானால் கம்பி ஒரு சுற்றுக்கு டூல் சரியாக 1.5 மி.மீ. போக வேண்டும். கையால் இது நடக்கவே நடக்காது. பல்சக்கரத்தை மாற்றி மாட்டினால் நடக்கும்.

அதற்கு அப்புறம் வந்தது ‘டிராப்’ மெஷின். இது ஒரு ஜெர்மன் கம்பெனியின் பெயர். இதில் கோணல்மாணலான தகட்டு வட்டம் ஒன்று சுற்றும். அதற்குக் கேம் என்று பெயர். வட்டம் எங்கே மேடாக இருக்கிறதோ அங்கே டூலைத் தள்ளும், பள்ளத்தில் டூல் பின்வாங்கும். ஒரே மாதிரி பீஸ் ஆயிரம் ஆயிரமாக விழும். ஆனால் வேறு பீஸ் வேண்டுமென்றால் வேறு கேம் வெட்ட வேண்டும்.

சி.என்.சி. லேத்தில் அந்தத் தகட்டுக்குப் பதிலாக எண்கள் இருக்கின்றன. இந்த யோசனை அமெரிக்காவில் ஹெலிகாப்டர் பாகம் செய்த ஜான் பார்சன்ஸ் என்பவருடையது. 1952-ல் எம்.ஐ.டி.யில் ஓட்டிக் காட்டினார்கள். அது லேத் இல்லை, மில்லிங் மெஷின். எண்களைக் காகித நாடாவில் துளையாகப் போட்டுக் கொடுத்தார்களாம். இப்போது கீபோர்டில் அடிக்கிறார்கள்.

போன ஆயுத பூஜை அன்று அப்பா என்னைக் கம்பெனிக்குக் கூட்டிப் போனார். பூஜை முடிந்ததும் ஒரே ஒரு பீஸ் ஓட்டிக் காட்டினார்கள். கண்ணாடிக் கதவுக்குள் பால் மாதிரி கூலன்ட் பீய்ச்சியது, டூல் தானாக வந்தது, போனது. சந்தனப் பொட்டு வைத்த திரையில் எழுத்துகள் ஓடின. ‘ஜி00’ என்றால் காற்றில் வேகமாகப் போ. ‘ஜி01’ என்றால் மெதுவாக, நேர்கோட்டில் வெட்டிக்கொண்டே போ. ‘எம்30’ என்றால் முடிந்தது.

எங்கே போவது என்பதை எக்ஸ், இசட் என்ற எண்கள் சொல்லும். நம் 9-ஆம் வகுப்புக் கணக்கில் ஆயத்தொலை வடிவியல் வருகிறதே, அதேதான்! கம்பியின் முகப்பு இசட் பூஜ்யம். அங்கிருந்து சக் பக்கம் 40 மி.மீ. போனால் இசட் மைனஸ் 40. எக்ஸ் என்பது விட்டம். எக்ஸ் 25 என்றால் டூல் நடுவிலிருந்து 12.5 மி.மீ. தள்ளி நிற்கும். மைனஸ் எண் எதற்கு என்று ஏழாவதில் கேட்டவள் நான்.

டூலைத் தள்ளுவது ஒரு மோட்டார். மோட்டார் திருகுத் தண்டைச் சுற்றும். தண்டுக்கும் நட்டுக்கும் நடுவில் குட்டி குட்டி இரும்புக் குண்டுகள் உருளும், அதனால் பழைய சக்கரத்தின் ஆட்டம் இதில் இருக்காது. மோட்டார் எவ்வளவு சுற்றியது என்று எண்ணிச் சொல்ல என்கோடர் என்ற கருவி இருக்கிறது. எடுத்துக்காட்டாக, தண்டு ஒரு சுற்றுக்கு 10 மி.மீ. நகர்த்துகிறது, என்கோடர் ஒரு சுற்றை 10,000 பங்காக எண்ணுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கு 0.001 மி.மீ.! அதுதான் ஒரு மைக்ரான்.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? என்கோடர் எண்ணுவது மோட்டாரின் சுற்றைத்தான். கம்பி எங்கே இருக்கிறது, டூல் தேய்ந்துவிட்டதா என்றெல்லாம் அதற்குத் தெரியாது. மனிதர்தான் பீஸை அளந்து, எவ்வளவு வித்தியாசம் என்று ‘ஆஃப்செட்’ பக்கத்தில் அடிக்க வேண்டும்.

இதில்தான் எங்கள் வீட்டுக்கு வினை வந்தது.

சி.என்.சி.யில் ஏறிய முதல் மாதம், பீஸின் விட்டம் 0.04 மி.மீ. அதிகமாக வந்தது. மைக்ரோமீட்டரில் ஒரு கோடு என்பது 0.01. அப்பா அதை ‘நாலு கோடு’ என்றுதான் சொல்வார். 19 வருடமாக அவர் கைக்குத் தெரிந்தது கோடுதான். மைனஸ் 0.04 அடிக்க வேண்டிய இடத்தில் மைனஸ் 0.4 அடித்துவிட்டார். அடுத்த பீஸை அளப்பதற்குள் லோடு இறக்கக் கூப்பிட்டார்கள். திரும்பி வருவதற்குள் ஹெல்பர் பையன் 14 பீஸ் ஓட்டிவிட்டான். எல்லாம் 0.36 மி.மீ. குறைவு. அதிகமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் சீவலாம், குறைந்த இரும்பை ஒட்ட முடியுமா? அத்தனையும் ரிஜெக்ட்.

“நீ பழைய லேத்துக்கே போ” என்று சொல்லிவிட்டார்கள். அந்த லேத்துக்குக் காயலான் கடைக்காரர் ஏற்கெனவே விலை பேசிவிட்டுப் போயிருந்தார். அன்று இரவு அப்பா சாப்பிடவில்லை. “ஒரு பூஜ்யம்மா... ஒரே ஒரு பூஜ்யம்” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அட்டவணை போட்டோம். 1 கோடு 0.01. 4 கோடு 0.04. 10 கோடு 0.10. 40 கோடு 0.40. நான் கோடு சொல்வேன், அப்பா எண் எழுதுவார். நான் டீச்சர் மாதிரி ஸ்கேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். “அடிச்சிராத பாப்பா” என்று சிரித்தார். முதல் நாள் இருபதில் ஆறு தப்பு. நான்காம் நாள் ஒரு தப்பும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து செட்டர் அண்ணன் லீவு. வேறு ஆள் இல்லாததால் அப்பாவை ஓட்டச் சொன்னார்கள். அட்டவணையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அன்று ராத்திரி வெட்டும் சத்தம் திடீரென்று மாறியதாம். உடனே ‘ஃபீட் ஹோல்ட்’ பட்டனை அழுத்தி நிறுத்திப் பார்த்தால், டூலின் முனையில் இருக்கும் டிப் ஓரம் பெயர்ந்திருந்தது. திரையில் எல்லா எண்ணும் சரியாகத்தான் இருந்ததாம். “மிஷினுக்குக் கண்ணும் இல்ல, காதும் இல்ல பாப்பா. நாமதான் நிக்கணும்” என்றார். இப்போது அவருக்கு வாரம் மூன்று நாள் சி.என்.சி. மீதி நாள் பழைய லேத். அதை இன்னும் விற்கவில்லை.

சென்ற வாரம் அப்பா ஒரு டேப்பர் வேலைக்குக் கணக்குக் கேட்டார். அதை உங்களுக்கும் தருகிறேன். ஒரு முனையில் விட்டம் 30 மி.மீ., மறுமுனையில் 20 மி.மீ., நீளம் 50 மி.மீ. நடுக்கோட்டிலிருந்து சரிவு எத்தனை பாகை? எக்ஸ் என்பது விட்டம் என்பதை மறக்காதீர்கள். முக்கோணவியல் பாடத்தில் டேன் அட்டவணை இருக்கிறது. விடையை எழுதி 9-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் என்னிடம் கொடுங்கள். அப்பா திருத்தித் தருவார்.