பொரித்த எண்ணெயிலிருந்து பயோடீசல்: இதில் நம் குழுவுக்கு என்ன வேலை?



போன மாதக் கூட்டத்தில் பஜ்ஜிக் கடை நடத்தும் ஒரு அக்கா கேட்டார்கள்: "மீந்து போன எண்ணெயில டீசல் எடுக்கலாமாமே? குழுக் கடன் வாங்கி நாமளே காய்ச்சி வித்தா என்ன?" நல்ல கேள்வி. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இதில் நமக்குத் தொழில் இருக்கிறது. ஆனால் அது காய்ச்சுவதில் இல்லை, சேகரிப்பதில் இருக்கிறது. ஏன் என்று பார்ப்போம்.

பழைய எண்ணெய் எங்கே போகிறது?

ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் கறுத்துப் போகும், பிசுபிசுக்கும், நுரை தள்ளும். அதில் உண்டாகும் கெட்ட பொருள்களை 'துருவச் சேர்மங்கள்' என்கிறார்கள். இரத்தக் கொதிப்பு, இரத்தக்குழாய் அடைப்பு, கல்லீரல் நோய் இவற்றோடு அவற்றுக்குத் தொடர்பு உண்டு என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரிக்கிறது. இந்த அளவு 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதிகாரிகள் கையடக்கக் கருவியை எண்ணெயில் முக்கிச் சோதிப்பார்கள்.

பெரிய கடையில் வேண்டாம் என்று ஒதுக்கிய எண்ணெயைக் கொஞ்சம் காசுக்கு வாங்கி, சின்னக் கடைக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கடையில் வடை வாங்கித் தின்பது யார்? நம்ம பிள்ளைங்கதான். சாக்கடையில் ஊற்றினாலும் தொல்லை. எண்ணெய் உறைந்து, குப்பையோடு சேர்ந்து அடைத்துக்கொள்ளும்.

இதற்கு ஒரு வழியாகத்தான் 2018 ஆகஸ்டில் 'ரூகோ' திட்டத்தை ஆணையம் தொடங்கியது. பயன்படுத்திய எண்ணெயை வாங்கி பயோடீசல் ஆலைக்கு அனுப்பும் திட்டம் இது. ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவாகும் கடைகள் அதற்குக் கணக்கு வைக்க வேண்டும், பழைய எண்ணெயை அங்கீகாரம் பெற்றவரிடம்தான் கொடுக்க வேண்டும் என்பது 2019 மார்ச் 1 முதல் விதி.

பயோடீசல் எப்படித் தயாராகிறது?

எண்ணெயை வடிகட்டி, தண்ணீர் இல்லாமல் சுண்டவைத்து, 60 டிகிரி அளவுக்குச் சூடாக்குவார்கள். 100 லிட்டர் எண்ணெய்க்கு ஏறக்குறைய 20 லிட்டர் மெத்தனால், ஒரு கிலோ அளவு காஸ்டிக் சோடா அல்லது காஸ்டிக் பொட்டாஷ் சேர்த்துக் கலக்குவார்கள். பிறகு அசையாமல் வைத்தால் இரண்டாகப் பிரியும். அடியில் தங்குவது கிளிசரின். மேலே நிற்பது பயோடீசல். அதைக் கழுவி, ஈரம் போக்கி, இந்தியத் தரநிர்ணயம் ஐ.எஸ். 15607-இன்படி சோதித்து, டீசலோடு கலப்பார்கள். எண்ணெய் நல்ல சுத்தமாக இருந்தால் 90 லிட்டர் அளவுக்குக் கிடைக்கும். தண்ணீர் கலந்திருந்தால் பாதி சோப்பாக மாறிக் கெட்டுவிடும்.

நாமே காய்ச்சினால் என்ன?

கேட்பதற்குச் சோப்பு தயாரிப்பது போலத் தோன்றும். ஆனால் மெத்தனால் கொடிய விஷம். கொஞ்சம் உள்ளே போனாலும் கண் பார்வை போகும், உயிரும் போகும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் செத்தது மெத்தனால் கலந்த சாராயத்தால்தான். அது சீக்கிரம் தீப்பிடிக்கும். பகல் வெளிச்சத்தில் அந்தத் தீ கண்ணுக்கே சரியாகத் தெரியாது. பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் இதை வைக்கலாமா? தமிழ்நாட்டில் மெத்தனால் வாங்கவும் வைத்திருக்கவும் உரிமமும் வேண்டும்.

விற்பதும் லேசில்லை. பயோடீசல் விற்பனைக்கு மத்திய அரசு 2019-இல் தனி வழிகாட்டு விதிகள் போட்டது. கேனில் ஊற்றி வண்டிக்காரர்களுக்கு விற்க முடியாது. தரம் கெட்ட எரிபொருள் ஊற்றி ஒருத்தர் இன்ஜின் பழுதானால் நஷ்டஈடு யார் கொடுப்பது?

இன்னொன்று. 2019 ஆகஸ்டில் எண்ணெய் நிறுவனங்கள் முதல் ஆண்டுக்கு லிட்டர் 51 ரூபாய் என்று அறிவித்தன. அது ஆலையில் தயாரான பயோடீசலுக்கான அன்றைய விலை. பழைய எண்ணெய்க்கு அந்த விலை கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நாம் செய்யக்கூடியது

1. முதலில் வாங்குபவரைப் பிடியுங்கள். மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலர் அலுவலகத்தில் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் விவரம் கேளுங்கள். விலை, எடுக்கும் நாள், குறைந்தபட்ச அளவு எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

2. பிறகு கடைகளைப் பேசுங்கள். டீக்கடை, பரோட்டாக் கடை, முறுக்கு சுடும் நம் உறுப்பினர்கள், விடுதி, கேண்டீன்.

3. வாங்கும்போதே பாருங்கள். சூடான கரண்டியில் ஒரு சொட்டு விட்டால் சடசட என்று வெடித்தால் தண்ணீர் இருக்கிறது. இன்ஜின் ஆயில் கலந்திருந்தால் தொடவே வேண்டாம்.

4. ஆறிய எண்ணெயைத் துணியில் வடிகட்டி, இரண்டு நாள் தெளியவிட்டு, மூடி போட்ட கேனில் நிழலில் வையுங்கள். 'சமையலுக்கு அல்ல' என்று கேனில் எழுதுங்கள்.

5. வாங்கியது, விற்றது இரண்டுக்கும் ரசீது வையுங்கள். ஒரு லிட்டர்கூட வெளியாளுக்குப் போகக்கூடாது.

ஒரு கணக்கு போடுவோம்

விலை இடத்துக்கு இடம் மாறும். உதாரணத்துக்கு லிட்டர் 30 ரூபாய்க்கு வாங்கி 40 ரூபாய்க்கு விற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு குழு வாரம் 100 லிட்டர் எடுத்தால் கொள்முதல் 3,000 ரூபாய். கசடு போக 95 லிட்டர் விற்றால் 3,800. மிச்சம் 800. ஆட்டோ 300, துணி, கேன் 100 போனால் கையில் 400. நாலு பேர் உழைத்தால் ஆளுக்கு நூறு ரூபாய்தான்!

அதையே மூன்று குழு சேர்ந்து 300 லிட்டர் எடுத்தால் கொள்முதல் 9,000. 285 லிட்டர் விற்பனை 11,400. மிச்சம் 2,400. ஆட்டோ ஒரே சுற்றில் 600, மற்றது 300. கையில் 1,500. அதே நாலு பேருக்கு ஆளுக்கு 375 ரூபாய். ஆகவே இது தனிக் குழுவை விடக் கூட்டமைப்புக்கு ஏற்ற வேலை. முழுநேரப் பிழைப்பாக எண்ண வேண்டாம். இருக்கும் தொழிலோடு சேர்த்துச் செய்யலாம்.

காட்டாமணக்கு ஞாபகம் இருக்கா? 2003-க்குப் பிறகு பயோடீசலுக்கு என்று ஊரெல்லாம் பேசினார்கள். நட்ட இடங்களில் எதிர்பார்த்த மகசூல் வரவில்லை. வாங்க ஆள் இல்லாமல் விட்டவர்களும் உண்டு. அதனால்தான் சொல்கிறோம்: வாங்குபவர் உறுதியாகும் வரை இதற்காகக் கடன் போடாதீர்கள்.

அடுத்த கூட்டத்தில் இரண்டு விஷயங்களைப் பேசித் தீர்மான நோட்டில் எழுதுங்கள். ஒன்று, உணவுத் தொழில் செய்யும் நம் உறுப்பினர் யாரும் பழைய எண்ணெயைச் சமையலுக்கு விற்பதில்லை. இரண்டு, நியமன அலுவலரைப் பார்த்து வர இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்கிறோம். கிடைக்கும் காசு கொஞ்சம்தான். ஆனால் ஊர்ப் பிள்ளைகள் தின்னும் வடையில் நேற்றைய கறுத்த எண்ணெய் இல்லை என்றால், அந்த லாபத்தை எந்தப் பாஸ்புக்கிலும் எழுத முடியாது.