பஸ்ஸில் ஒலிக்கும் சாதிப் பாட்டு... தடுக்கச் சட்டம் இருக்கிறதா?

மாலை நேரம். மந்தாரக்குப்பத்திலிருந்து நெய்வேலி டவுன்ஷிப் வரும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். பள்ளி விட்ட கூட்டம். ஒரு மாணவனின் செல்போனில் பாட்டு ஓடியது. உறுமியும் தவிலும் சேர்ந்து, கேட்பவர்களையும் தாளம் போட வைக்கும் மெட்டு. வரிகளைக் கவனித்தபோதுதான் பகீரென்றது. 'எங்கள் சாதிதான் பெரிது, எதிரே வந்தால் வெட்டுவோம்' என்பதே அதன் சாரம். பக்கத்தில் நின்ற இன்னொரு மாணவன் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். இரண்டு பேருக்கும் ஒரே யூனிஃபார்ம்.

'இதையெல்லாம் தடுக்கச் சட்டமே இல்லையா?' என்ற கேள்வியோடுதான் அன்று வீட்டுக்கு வந்தேன்.

ஜெர்மனி என்ன செய்கிறது?

பாட்டு எவ்வளவு வெறுப்பை வளர்க்கும் என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்ட நாடு ஜெர்மனி. ஹிட்லரின் நாஜிக் கட்சிப் பாடலைப் பொது இடத்தில் பாடினால் அங்கே மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். வரிகள் இல்லாமல் மெட்டை மட்டும் இசைத்தாலும் குற்றம்தான். ஒரு மக்கள் பிரிவுக்கு எதிராக வெறுப்பைத் தூண்டினால் ஐந்து ஆண்டு வரை சிறை. 'லாண்ட்சர்' என்ற நவநாஜி இசைக்குழுவை 'குற்றக் கும்பல்' என்றே 2003-ல் பெர்லின் நீதிமன்றம் அறிவித்தது. 2005-ல் உச்ச நிலை நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

கருத்துச் சுதந்திரம் அரசியல் சாசனம் தந்த உரிமை. ஆனால், பொது அமைதிக்காக அதற்கு நியாயமான கட்டுப்பாடுகள் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-வது பிரிவு, சாதி, மதம், மொழியின் பெயரால் பகையை வளர்ப்பவர்களுக்கு மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது. பேச்சு, எழுத்து மட்டுமல்ல, செல்போன், இணையம் வழியாகச் செய்தாலும் இது பொருந்தும். பட்டியலின மக்களுக்கு எதிராகப் பகையைத் தூண்டினால், 1989-ம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பாயும்.

கோயில் திருவிழாக்களில் ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு அனுமதி தரும்போது, சாதி, மதம், கட்சி சார்ந்த பாடல்கள் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பல உத்தரவுகளில் நிபந்தனை விதித்திருக்கிறது. மேடைக்கு நிபந்தனை சரி, இயர்போனுக்கு யார் போடுவது?

சட்டம் திசை மாறினால்...

'பேசாமல் எல்லாவற்றையும் தடை செய்துவிட்டால் என்ன?' என்று தோன்றலாம். இங்கேதான் கவனம் வேண்டும். 1928-ல் பாரதியாரின் பாடல் நூல்களையே பறிமுதல் செய்தது அன்றைய ஆங்கில அரசு. சுதந்திர இந்தியாவிலும், 2015 அக்டோபரில், டாஸ்மாக் கடைகளை மூடச் சொல்லிப் பாடிய பாடகர் கோவன் திருச்சியில் தேசத் துரோகப் பிரிவில் கைது செய்யப்பட்டார். ஆட்சியை விமர்சிக்கும் பாட்டு வேறு, சக மனிதனை இழிவுபடுத்தி மிரட்டும் பாட்டு வேறு. முதலாவது ஜனநாயக உரிமை. இரண்டாவதுதான் குற்றம். இந்தக் கோடு அழிந்துபோனால், தடை எளிய மனிதர்கள் மீதே திரும்பும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் உடன் படித்த மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டதை யாரும் மறந்திருக்க முடியாது. அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் சாதி அடையாளக் கயிறுகள் கட்டத் தடை விதிக்க வேண்டும் என்று 2024-ல் பரிந்துரைத்தது. அந்த அரிவாளுக்குப் பாட்டுதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால், கையில் கயிறு இருக்கிறதா என்று பார்க்கிற நாம், காதில் என்ன ஓடுகிறது என்றும் கேட்கலாம், இல்லையா?

போனைப் பிடுங்க வேண்டாம். 'இந்த வரியை உன் ஃப்ரெண்ட் கேட்டால் அவனுக்கு எப்படி இருக்கும்?' என்று ஒரு கேள்வி போதும். மிரட்டும் பாடல்களை யூடியூபில் 'வெறுப்புப் பேச்சு' என்று ரிப்போர்ட் செய்யலாம். பஸ்ஸில் சத்தமாக ஒலித்தால், நிறுத்தச் சொல்லி நடத்துநரிடம் கேட்கலாம். நிலைமை கைமீறினால் காவல்துறை இருக்கிறது.

நெய்வேலியிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் வடலூர். சாதி வேண்டாம் என்று ஊரறியப் பாடிய வள்ளலாரின் சத்திய ஞான சபை அங்கேதான் இருக்கிறது. தைப்பூசத்துக்கு ஜோதி பார்க்கப் பிள்ளைகளை அழைத்துப் போகும்போது, அவர் பாடியது என்ன என்பதையும் சொல்லிக்கொடுப்போம். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்ட அந்த மாணவன், நாளை நண்பனோடு சேர்ந்து தாளம் போடட்டும்!