தமனித் தடிப்பும் ஆக்சிஜனேற்றத் தடுப்பு மருந்துகளும்

இதயத்துக்கு நல்லதென்று பச்சை நிற வைட்டமின் ஈ மாத்திரையைத் தாமாகவே வாங்கி உண்போர் திருத்துறைப்பூண்டி போன்ற சிறுநகர்களிலும் உளர். மருத்துவர் எழுதித் தந்த ஸ்டாட்டினை நிறுத்திவிட்டு இதனை நம்புவதுதான் ஆபத்து.

நம்பிக்கைக்கு அடிப்படை இல்லாமலில்லை. எல்.டி.எல். கொழுப்பு தமனிச் சுவருக்குள் புகுந்து ஆக்சிஜனேற்றம் அடைகிறது. அதனை விழுங்கும் வெள்ளணுக்கள் கொழுப்பேறி நுரையணுக்களாகின்றன; தடிப்பு அங்கே தொடங்குகிறது. கொழுப்பைக் குறைக்கவென ஆக்கப்பட்ட புரோபுகால் என்னும் செயற்கை மருந்து இந்த ஆக்சிஜனேற்றத்தையும் தடுத்தது. பிறவியிலேயே கொழுப்பு மிகுந்த வாட்டனபே முயல்களில் அது தடிப்பை மட்டுப்படுத்தியதை 1987ஆம் ஆண்டின் ஆய்வுகள் காட்டின.

மனிதரிடம் விளைவு வேறு. புரோபுகால், நன்மை தரும் எச்.டி.எல். கொழுப்பையும் குறைத்தது, இதயத்தின் மின்னியக்கத்தையும் பாதித்தது. அதனைத் திருத்தி ஆக்கிய சக்சினோபுகால் 6,144 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. நீரிழிவு புதிதாகத் தோன்றுவது குறைந்ததென்னவோ உண்மை. ஆயினும் முதன்மை இலக்கை மருந்து எட்டவில்லை என 2008இல் வெளியான முடிவு கூறிற்று. எல்.டி.எல். அளவும் இரத்த அழுத்தமும் சற்றே ஏறியிருந்தன.

வைட்டமின் ஈயைச் சோதித்த 'ஹோப்' ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர், கேரளத்தில் பிறந்து பெங்களூரில் மருத்துவம் பயின்ற சலீம் யூசுப். 9,541 பேரில் ஒரு சாரார் நாள்தோறும் 400 அலகு வைட்டமின் ஈயும், மறுசாரார் வெற்று மாத்திரையும் ஏறத்தாழ நாலரை ஆண்டுகள் உண்டனர். மாரடைப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை என்பது 2000இல் வெளியாயிற்று.

ஆக்சிஜனின் வினைமிகு மூலக்கூறுகள் கேடு மட்டுமே செய்வனவல்ல. கிருமிகளைக் கொல்ல வெள்ளணுக்கள் ஏந்தும் படைக்கலமும் அவையே. ஸ்டாட்டினோ, ஆக்சிஜனேற்றம் அடையவேண்டிய எல்.டி.எல். கொழுப்பையே இரத்தத்தில் குறைத்துவிடுகிறது.