வெந்நீர் அடுப்பில் எரியும் உரம்

சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம், மாமல்லபுரம் கடற்கரையோரக் கிராமங்களில் ஐப்பசி பிறந்ததும் கொல்லைப்புறத்து வெந்நீர் அடுப்பும் புகையத் தொடங்கிவிடும். கைக்குழந்தைக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் முதியவர்களுக்கும் ஆண்டு முழுவதும் வெந்நீர் வேண்டும். மற்றவர்களுக்கு மழைக்காலத்திலும் மார்கழி, தைப் பனியிலும் வேண்டும். கறவை மாட்டின் மடியைத் துடைக்கவும், பால் பாத்திரங்களைக் கழுவவும் வெந்நீர் நல்லது. சமையல் காஸ் அடுப்புக்கு மாறிய பல வீடுகளில்கூட வெந்நீர் மட்டும் மூன்று கல் அடுப்பிலேயே காய்கிறது. சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்ற அச்சம் ஒன்று. மிளாரும் வரட்டியும் காசில்லாமல் கிடைக்கின்றன என்ற எண்ணம் மற்றொன்று. இந்த இரண்டாவது எண்ணம் சரிதானா என்று பார்க்க வேண்டும்.

ஒரு லிட்டர் தண்ணீரின் சூட்டை ஒரு டிகிரி உயர்த்தத் தேவையான வெப்பத்தைக் கிலோகலோரி என்பார்கள். இந்தக் கடற்கரையில் கிணற்று நீர் பெரும்பாலும் 27 டிகிரியை ஒட்டியே இருக்கும். குளிப்பதற்கு 42 டிகிரி போதுமானது. ஆகவே 20 லிட்டர் கொண்ட ஒரு வாளிக்கு 15 டிகிரி ஏற்றினால் போதும். அதற்கு 300 கிலோகலோரி வேண்டும். நன்கு உலர்ந்த சவுக்கு விறகு கிலோவுக்குச் சுமார் 4,000 கிலோகலோரி தரும். அதாவது, விறகின் வெப்பம் முழுவதும் தண்ணீரில் இறங்குமானால் 75 கிராம் சுள்ளியில் ஒரு வாளி வெந்நீர் தயாராகிவிடும்.

நடப்பது வேறு. காற்றுக்குத் திறந்துகிடக்கும் மூன்று கல் அடுப்பில் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குதான் பாத்திரத்துக்குப் போகிறது. மீதி ஒன்பது பங்கு கடற்காற்றுக்குப் போகிறது. எனவே வாளிக்கு 750 கிராம் விறகு செலவாகிறது. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு நாளைக்கு ஐந்து வாளி என்று வைத்துக்கொண்டால், மாதத்தில் 110 கிலோவுக்கு மேல் எரிகிறது.

விறகு ஈரமாக இருந்தால் கணக்கு இன்னும் மோசமாகும். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீரே. ஒரு கிலோ பச்சை விறகை அடுப்பில் வைத்தால், அதிலுள்ள அரை லிட்டர் ஈரத்தை ஆவியாக்கவே 300 கிலோகலோரிக்கு மேல் போய்விடும். ஒரு வாளி வெந்நீருக்கான சூடு விறகைக் காயவைப்பதிலேயே தீர்ந்துபோகிறது. கூடவே கண்ணெரிச்சலும் இருமலும் வருகின்றன. சித்திரை, வைகாசி வெயிலில் மிளாரைக் கட்டுக்கட்டாக நிறுத்திக் காயவைத்து, மழைக்கு முன் கூரைக்கு அடியில் அடுக்கிவைப்பதற்குச் செலவு எதுவும் இல்லை. விறகுச் சிக்கனத்தில் இதைவிட மலிவான வழியும் கிடையாது.

வரட்டியின் கதை இன்னும் கவனிக்கத்தக்கது. இரண்டு மாடுகள் நாளைக்கு 20 கிலோ சாணம் போடுவதாகக் கொள்வோம். அதில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். காய்ந்தால் சுமார் 4 கிலோ வரட்டிதான் மிஞ்சும். திறந்த அடுப்பில் அதை எரித்தால் மூன்று, மூன்றரை வாளி வெந்நீர் கிடைக்கும். அதற்குக் கொடுக்கும் விலை என்ன? ஓராண்டில் அந்த இரு மாடுகளின் சாணம் 7 டன்னுக்கு மேல். சாணத்தில் நூற்றுக்கு 0.3 பங்கு தழைச்சத்து என்று குறைவாகவே கணக்கிட்டாலும் 22 கிலோ தழைச்சத்து ஆகிறது. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் இருப்பது ஏறக்குறைய இவ்வளவுதான். ஆக, தினமும் மூன்று வாளி வெந்நீருக்காக ஆண்டுதோறும் ஒரு மூட்டை யூரியா அடுப்பில் போகிறது. மணிச்சத்தும் சாம்பல் சத்தும் சாம்பலில் தங்கும். அதை வயலில் இட்டால் பயன் உண்டு. ஆனால் தழைச்சத்தும் மக்கும் பொருளும் புகையோடு போனவை திரும்பி வரா. இப்பகுதியின் மணற்பாங்கான நிலத்தில் வேர்க்கடலைக்கும் தர்ப்பூசணிக்கும் ஈரத்தைப் பிடித்துவைக்க மக்கும் பொருளைத் தவிர வேறு துணை இல்லை. உரக்கடையில் அது மூட்டையில் கிடைக்காது.

சவுக்குத் தோப்புச் சருகும் அப்படியே. தோப்பைச் சுத்தமாகக் கூட்டி அள்ளிக்கொண்டு வந்து அடுப்பில் போடுகிறார்கள். கடல் மணலில் மேல்மண் உண்டாவதற்கு அந்தச் சருகுதான் ஆதாரம். பாதியையாவது மரத்தடியில் விட்டுவைக்க வேண்டும்.

வெந்நீருக்கு இவ்வளவு எரிபொருள் போவது இந்த வட்டாரத்தில் மட்டும் அல்ல. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் கிராமத் தொழில்நுட்பத்துக்காக 1974-ல் ‘அஸ்த்ரா’ என்ற குழு அமைக்கப்பட்டது. கர்நாடகக் கிராமங்களில் எரிபொருள் செலவை ஆராய்ந்த அந்தக் குழு, சமையல் அடுப்போடு நிற்காமல் குளியல் வெந்நீருக்கென்றே தனி அடுப்பு ஒன்றையும் வடிவமைத்தது. அதன் தத்துவம் எளியது. பாத்திரம் அடுப்பின் மேல் உட்காராமல் அடுப்புக்குள் இறங்கி உட்கார வேண்டும். சுவாலை அடியில் பட்டுவிட்டு ஓடிவிடாமல் பக்கங்களையும் சுற்றிக்கொண்டு புகைபோக்கிக்குப் போக வேண்டும்.

இதைக் கொல்லையிலேயே கட்டிக்கொள்ளலாம். வீட்டில் உள்ள அண்டா அல்லது தவலையின் கழுத்துவரை வரும்படி செங்கல்லும் களிமண்ணும் வைத்துச் சுற்றுச்சுவர் எழுப்ப வேண்டும். பாத்திரத்துக்கும் சுவருக்கும் இடையே ஒரு விரற்கடை இடைவெளி போதும். அதிகமானால் சுவாலை ஒரு பக்கமாகவே ஓடும். விளிம்பில் இடைவெளி தெரியாமல் பாத்திரம் பொருந்தி உட்கார வேண்டும். விறகு தரையில் கிடக்காமல் கம்பிச் சல்லடையின் மேல் எரிந்தால் அடியிலிருந்து காற்று கிடைக்கும். சாம்பலும் கீழே விழும். விறகு வைக்கும் வாய்க்கு எதிர்ப்புறம், மேல்பக்கமாகப் புகைபோக்கியைப் பொருத்த வேண்டும். கீற்றுக் கூரைக்கு அருகே புகைபோக்கி கூடவே கூடாது. கூரையை விட்டு விலகிய இடத்தில் ஓடோ தகரமோ போட்டு வெந்நீர் அடுப்பை வைப்பதே பத்திரம். இவ்வாறு கட்டிய அடுப்பில் வெப்பத்தில் கால் பங்கு தண்ணீருக்குப் போகும். வாளிக்கு 300 கிராம் விறகு போதும். மாதத்துக்கு 110 கிலோ எரிந்த இடத்தில் 45 கிலோ எரியும். பாத்திரத்துக்கு மூடி போடவும் மறக்கலாகாது. மூடியில்லாத அண்டாவிலிருந்து ஆவியாகப் போவதும் விறகுதான்.

பழைய வீடுகளில் இருக்கும் செம்பு பாய்லரும் நல்ல கருவியே. நடுக்குழாயில் நெருப்பும் சுற்றிலும் தண்ணீருமாக இருப்பதால் வெப்பம் வீணாவது குறைவு. கொட்டாங்கச்சி, பன்னாடை, மட்டைத் துண்டுகள் போதும். தண்ணீர் இல்லாமல் நெருப்பு மூட்டினால் பற்றவைத்த இடங்கள் விட்டுவிடும்.

மேம்படுத்திய அடுப்புகளைப் பரப்ப மத்திய அரசு 1983-ல் தொடங்கிய தேசியத் திட்டம் 2002 வரை நடந்தது. லட்சக்கணக்கில் அடுப்புகள் கட்டப்பட்டன. அவற்றில் பல சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டன. வீட்டுப் பாத்திரத்துக்குப் பொருந்தாத வாய், விரிசலைப் பூசாமல் விட்டது, கரி அடைத்த புகைபோக்கி ஆகியவை முக்கியக் காரணங்கள். எந்த அடுப்பானாலும் மாதம் ஒருமுறை புகைபோக்கியைத் தட்டிக் கரியை இறக்கி, விரிசலுக்கு மண் பூச வேண்டும். பாத்திரத்தின் அடியில் தடித்துப்போன கரியையும் சுரண்ட வேண்டும்.

மாடு வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி சாண எரிவாயு. மேலே சொன்ன அதே 20 கிலோ சாணத்தைக் கலனில் கரைத்து விட்டால் சுமார் 0.8 கன மீட்டர் வாயு கிடைக்கும். வாயு அடுப்பில் அது ஆறு வாளிக்கு மேல் வெந்நீர் தரும். வரட்டியாக எரித்ததைப் போல் இரு மடங்கு. சாணத்தின் தழைச்சத்தும் கழிவுக் கரைசலில் அப்படியே இருக்கும். வெந்நீரோடு சமையலும் நடக்க 2 கன மீட்டர் கலன் வேண்டும். அதற்கு நாளைக்கு 50 கிலோ சாணம், அதாவது கட்டிவைத்து வளர்க்கும் நான்கைந்து மாடுகள் தேவை. மேய்ச்சலுக்குப் போகும் மாட்டின் சாணத்தில் பாதிதான் தொழுவத்துக்கு வரும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கடற்கரையில் கலன் கட்டுவோர் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். மழைக்காலத்தில் இங்கே நிலத்தடி நீர் மிக மேலே வந்துவிடும். குழி தோண்டிக் கட்டும் வேலையைக் கோடையிலேயே முடித்துக் கரைசலை நிரப்பிவிட வேண்டும். காலிக் கலனை ஊற்று நீர் நெருக்கினால் கட்டடம் கெடும். இரண்டாவது, உப்புக் காற்றில் இரும்பு மிதவைத் தொட்டி சீக்கிரம் துருப்பிடிக்கும். செங்கல்லால் கட்டும் ‘தீனபந்து’ வகைக்கு அந்தத் தொல்லை இல்லை. குடிநீர்க் கிணற்றிலிருந்து கலன் தள்ளியே இருக்க வேண்டும். கலன் கட்டுவதற்கு உதவித் தொகை இருக்கிறதா என்பதைத் திருக்கழுக்குன்றம் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலும், தொழில்நுட்ப விவரங்களைக் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்கலாம்.

சிலிண்டர் காஸில் ஐந்து வாளிக்கு நாளைக்குக் கால் கிலோ செலவாகும், 14.2 கிலோ சிலிண்டர் வெந்நீருக்கு மட்டும் என்றால் எட்டு வாரம் வரும். காஸில் இயங்கும் கீசரைக் கதவடைத்த குளியலறைக்குள் பொருத்தக் கூடாது. அது வெளியிடும் நச்சுவாயுவுக்கு மணம் கிடையாது; குளிப்பவர் அறியாமலே மயங்கி உயிரிழக்க நேரிடும். மின்சாரத்தில் அதே ஐந்து வாளிக்குச் சுமார் 1¾ யூனிட் ஆகும். இரண்டு மாதத்தில் நூறு யூனிட்டைத் தாண்டும். யூனிட் கூடக்கூடக் கட்டண விகிதமும் ஏறும். வாளியில் போடும் மின்கம்பியால் மாண்டவர்கள் உண்டு. இரும்பு, அலுமினிய வாளியில் அதைப் போடவே கூடாது. சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரைத் தொட வேண்டும். பம்புசெட்டுக்குக் கொடுத்த இலவச மின்சாரத்தில் வெந்நீர் போடுவது சட்டப்படி தவறு.

இனி சூரிய வெப்பம். குழந்தையைக் குளிப்பாட்டப் பித்தளைப் பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி முற்றத்து வெயிலில் வைப்பது நம் பாட்டிகளின் பழக்கம். அமெரிக்காவில் 1891-ல் கிளாரன்ஸ் கெம்ப் என்பவர் காப்புரிமை பெற்ற கருவியும் கறுப்புச் சாயம் பூசிய தொட்டிகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்ததுதான். இஸ்ரேலில் 1980 முதல் புதிய வீடுகளுக்குச் சூரிய வெந்நீர்க் கருவி சட்டப்படி கட்டாயம். இன்று விற்கும் கருவிகளில் வெப்பம் காக்கும் தொட்டி இருப்பதால் மாலையில் சூடான நீர் மறுநாள் காலையிலும் சூடாகவே இருக்கும்.

வாங்குமுன் யோசிக்க வேண்டியவை சில. நாளைக்கு 100 லிட்டர் தரும் கருவி நல்ல வெயிலில் தண்ணீரை 60 டிகிரிக்குச் சூடாக்கும். அதைக் குளிர்ந்த நீரோடு கலந்தால் 220 லிட்டர், அதாவது 11 வாளி குளிக்கும் வெந்நீர். ஐந்து பேர் குடும்பத்துக்கு இதுவே மிகுதி. 200 லிட்டர் கருவி வாங்கும்படி கடைக்காரர் சொன்னால் கேட்க வேண்டாம். 2024-ல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டம் மின்சாரம் தயாரிக்கும் தகடுகளுக்கானது. வெந்நீர்க் கருவிக்கு அல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டு முன்பணம் கொடுத்துவிடக் கூடாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது, இக்கடற்கரைக்கு மழை தருவது வடகிழக்குப் பருவக்காற்று. வெந்நீர் அதிகம் தேவைப்படும் ஐப்பசி, கார்த்திகையில்தான் வானம் மூடிக்கிடக்கும். அந்த இரண்டு மாதமும் கருவியை நம்ப முடியாது. மார்கழி நடுவிலிருந்துதான் அது முழுப் பலன் தரும். ஆகவே கருவி வாங்கினாலும் மேற்சொன்ன விறகு அடுப்பை இடித்துவிட வேண்டாம். கருவி தெற்கு நோக்கி, குளிர்காலச் சூரியனைப் பார்க்கும்படி 25 டிகிரி அளவு சாய்ந்திருக்க வேண்டும். தென்னை நிழல் விழக் கூடாது. கிணற்று நீர் உப்பாக இருந்தால் செப்புக் குழாய்களில் சுண்ணாம்புப் படிவு அடைக்கும். அத்தகைய இடத்தில் கண்ணாடிக் குழாய் வகை மேல். தாங்கும் சட்டம் துத்தநாகப் பூச்சுள்ளதாக இருக்க வேண்டும். தொட்டியின் அடிக் குழாயைத் திறந்து படிவை வடிக்கும் வேலையைப் புரட்டாசியில், மழை பிடிக்கும் முன்பே செய்துவிடுவது நல்லது.